கடல் ஏறும்போது உவர் சதுப்பு எங்கே நகரும்?

கேள்வி: உவர் சதுப்பும் மேட்டு நிலமும் சந்திக்கும் இடைப்பகுதி, கடல் மட்டம் உயர்ந்தால் எங்கே நகரும் என்று வரைபடம் போடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை எடுத்து, ஒரு மீட்டருக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீலமாக்கிவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. சிக்கல் அந்த இலவசத் தரவிலேயே தொடங்குகிறது. 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். போன்றவை, மரம் அடர்ந்த இடத்தில் தரையைப் பார்ப்பதே இல்லை. இலைக்கூட்டத்துக்குள் எங்கோ ஓர் உயரத்தைத் தரை என்று சொல்லிவிடும். பிழை மீட்டர் கணக்கில் வரும். நீங்கள் தேடுவதோ சென்டிமீட்டர் சமாசாரம். ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள நிலத்தில் உயரம் 10 செ.மீ. தவறினால் உங்கள் கோடு 100 மீட்டர் தள்ளிப்போகும்.

விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி உயரம் அளக்கும் லைடார் தரவு கிடைத்தால் அதையே எடுங்கள். அதுவும் அடர்ந்த புல்லில் சேற்றைத் தொடாமல் திரும்பிவிடும். அதனால் துல்லிய ஜிபிஎஸ் கருவியோடு நேரில் போய்ச் சில புள்ளிகளை அளந்து, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் தரவின் பூஜ்யமும் அந்த இடத்துக் கடல் மட்டமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். செடிக்கு மீட்டர் தெரியாது, எத்தனை முறை நனைகிறோம் என்பதுதான் தெரியும். ஆகவே உயரத்தை ஓத (கடல் ஏற்ற இறக்க) அளவுக்கு மாற்றுங்கள். அன்றாட உயர் ஓதக் கோட்டுக்கு மேலே, பெரிய ஓதமும் புயல் அலையும் எப்போதாவது மட்டும் எட்டும் பட்டைதான் உங்கள் இடைப்பகுதி. ஓதத்தின் வீச்சும் 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறையும். ஓராண்டு அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நீலம் பூசும் முறை, நிலம் அசையாமல் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. வண்டல் படிந்து சதுப்பு உயரலாம், நிலம் அமிழவும் செய்யலாம். மதில், சாலை, கரை குறுக்கே நின்றால் சதுப்பு உள்ளே போக வழியில்லாமல் நசுங்கிவிடும். இவற்றை முதலிலேயே வரைந்துவிடுங்கள்.

சரி, செயற்கைக்கோள் படம்? லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, பழைய எல்லையைப் பிடிக்க நல்லவை. ஆனால் மேலிருந்து பார்த்தால் ஏமாறுவோம். உப்பு ஏறிய மண்ணிலும் முதிர்ந்த மரம் பல ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும், விதைதான் முளைக்காது. அதனால் கடலிலிருந்து மேட்டை நோக்கி நேர்கோட்டில் நடந்து, காலடியைப் பாருங்கள். பெரிய மரத்தடியில் அதன் கன்று ஒன்றுகூட இல்லாமல், உமரி போன்ற உப்புச் செடி தலைகாட்டுகிறதா? அங்கே இடைப்பகுதி ஏற்கெனவே நகர ஆரம்பித்துவிட்டது. கன்றுகள் மறுபடி தென்படும் இடம்வரை நடந்து, இரண்டு புள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் மறுபடி நடக்க வேண்டியிருக்கும்.