அப்பாவின் ஜனதாவை யார் சொல்கிறபடி சரிசெய்வது?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சென்ற ஆண்டு அப்பா ஓய்வு பெற்றபோது, 1990இல் அவர் கல்யாணத்துக்கு என் அம்மாவழித் தாத்தா வாங்கிப் போட்ட எச்.எம்.டி ஜனதா வாட்ச்சை என்னிடம் கொடுத்தார். ஓடவில்லை. டயல் மஞ்சளடித்துவிட்டது, கண்ணாடி முழுக்கக் கீறல். இதைச் சரிசெய்ய யோசனை கேட்டுத்தான் வாட்ச் பிரியர்கள் சிலரோடு பழகத் தொடங்கினேன். ஒருவர், "எதையும் தொடாதே, அப்படியே வை" என்கிறார். இன்னொருவர், "டயலை மாற்று, புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். மூன்றாமவர், "இந்த மெஷினில் என்ன இருக்கிறது, நல்ல ஜப்பான் வாட்ச் வாங்கு" என்கிறார். நான்காமவர், "இதெல்லாம் விலை ஏறாது, காசு சேர்த்து சுவிஸ் வாங்கு, அதுதான் முதலீடு" என்கிறார். எல்லோர் பேச்சையும் கேட்டு எட்டு மாதத்தில் ஆறு வாட்ச் வாங்கிவிட்டேன். மனைவிக்குத் தெரிந்தது மூன்றுதான். அப்பாவின் வாட்ச் இன்னும் பீரோவிலேயே இருக்கிறது. இவர்களில் யார் சொல்வது சரி?
எஸ்.கே., திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

நான்கு பேருமே தெரிந்துதான் பேசியிருக்கிறார்கள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது உங்கள் அப்பாவின் வாட்ச்சைப் பற்றி. அவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு எது பிடிக்குமோ அதைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வாட்ச் சேர்ப்பவர்கள் என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, அவர்கள் ஒரே கூட்டம் கிடையாது. ஒருவருக்குப் பொக்கிஷமாகத் தெரிவது இன்னொருவருக்குப் பழைய இரும்பு. யோசனை சொல்பவர் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், அவர் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தானாகப் புரிந்துவிடும்.

"எதையும் தொடாதே" என்றாரே, அவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பழைய வாட்ச் தேடுபவர். அவருக்கு வேண்டியதெல்லாம் அசல். டயல், முள், கேஸ் என்கிற வெளிக்கூடு, சாவி கொடுக்கும் குமிழ் என எல்லாமே தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வெளியே வந்தவையாக இருக்க வேண்டும். இந்தப் பிடிவாதத்துக்கு நம் நாட்டில் வலுவான காரணம் உண்டு. மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அதன் வாட்ச் நிறுவனத்தை மூடுவது என்று மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. அதற்குப் பிறகு ஜனதா, பைலட், கோஹினூர், கஞ்சன் என்று பழைய பெயர்களை ஆசையாகத் தேடுபவர்கள் பெருகினார்கள். தேடுபவர்கள் பெருகியதும், பழைய மெஷினில் புதிதாக அச்சடித்த டயலைப் பூட்டி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். நிறுவனம் ஒருநாளும் போடாத சிவப்பிலும் பச்சையிலும் பளபளக்கும் வாட்ச்கள் அவை. வெளிநாட்டில் வாங்கி ஏமாந்தவர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க அந்த நண்பருக்குத் தெரியும். எழுத்து தடித்து, ஓரம் பிசிறடித்து இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் கோடுகளோடு நேராகப் பொருந்தாது. முப்பது வருடம் பழகிய கேஸுக்குள் ஒரு புள்ளிகூட இல்லாத டயல் உட்கார்ந்திருக்கும். முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சு பழுத்திருக்கும், டயலில் இருப்பது வெள்ளையாக இருக்கும். இரண்டும் சேர்ந்து வயதாகியிருந்தால் ஒரே நிறமாகத்தானே இருக்க வேண்டும்? உங்கள் ஆறு வாட்ச்களில் பழையது ஏதாவது இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இந்த வகை ஆட்களின் கண்ணை நான் முழுதாக நம்புகிறேன்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. அவர் வாட்ச்சைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறவர், நீங்கள் கையில் கட்டப்போகிறவர். "கண்ணாடியைக்கூட மாற்றாதே" என்று அவர் சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை. பழைய ஜனதாவின் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்டிக். மேலாக இருக்கும் கீறல் பாலிஷ் போட்டாலே போய்விடும். வெடித்திருந்தால் தாராளமாக மாற்றலாம், வாட்ச்சின் மதிப்பு அதனால் குறையாது.

டயலை மாற்றச் சொன்னவர் வேறு வகை. அவர் கைவேலைக்காரர். ஒரு வாட்ச்சை வாங்கி, டயலையும் முள்ளையும் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தையும் தன் ரசனைக்கு மாற்றி, தனக்கென்று ஒன்றை உருவாக்குவதில்தான் அவருக்குச் சந்தோஷம். இவர்களின் செல்லப்பிள்ளை சீக்கோ. 1996இல் வந்து 2019இல் நின்றுபோன எஸ்.கே.எக்ஸ் 007 என்ற டைவர் (நீரில் மூழ்குபவர்களுக்கான) வாட்ச்சுக்குக் கிடைக்கிற மாற்று உதிரிகளை வைத்து ஒரு கடையே போடலாம். சீக்கோவின் என்.எச் 35 மெஷினைத் தனியாக வாங்கி வந்து, வீட்டு மேசையிலேயே முழு வாட்ச்சையும் பூட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இவர்கள் மேல் நிறைய மரியாதை உண்டு. திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் வாட்ச் வாட்ச் என்று பேசுகிறவர்களுக்கு நடுவில், கை நடுங்காமல் முள் பொருத்தக் கற்றவர்கள் இவர்கள். இவருடைய யோசனையை இன்றைக்கும் கடையில் கிடைக்கிற ஒரு வாட்ச்சில் செய்து பாருங்கள். உங்கள் ஜனதாவுக்கு வேண்டாம். எச்.எம்.டி அந்த டயலை இனி அச்சடிக்கப்போவதில்லை. 'புது டயல்' என்று கிடைப்பது நகல், அல்லது பழையதைச் சுரண்டி மேலே பெயிண்ட் அடித்தது. உங்கள் தாத்தா கடையில் பார்த்துப் பிடித்து எடுத்தது இந்த முகத்தைத்தான். அந்த மஞ்சளும் அதன் மேல் படிந்த வருடங்கள்தான். சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

மெஷினைப் பற்றிப் பேசியவர் எந்திரப் பிரியர். பின்மூடியைத் திறந்தால்தான் அவருக்கு வாட்ச் தொடங்கும். மற்றவர்கள் டயலைப் பார்க்கும்போது அவர் உள்ளே முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலைப் பார்ப்பார், டிக் சத்தத்தைக் கருவியில் வைத்து அளப்பார். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் என்ற துல்லியச் சான்று வாங்க, மெக்கானிக்கல் வாட்ச்சின் மெஷின் சராசரியாக ஒரு நாளைக்கு 4 நொடி பிந்துவதற்கும் 6 நொடி முந்துவதற்கும் இடையில் ஓட வேண்டும். அந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பவருக்கு உராய்வைக் குறைக்க உள்ளே 17 கல் வைத்த ஜனதா சாதாரணமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் துல்லியம் ஒன்றுதான் அளவு என்றால், சுவிஸ் மெக்கானிக்கல்கள்கூட பேட்டரியில் ஓடும் ஒரு மலிவான குவார்ட்ஸ் வாட்ச்சிடம் தோற்றுவிடும். குவார்ட்ஸில் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதனால்தான் உள்ளே இருக்கும் மின்சுற்று அதை எளிதாக நொடிக்கு ஒரு துடிப்பாக மாற்றி முள்ளை நகர்த்துகிறது. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோதே துல்லியப் போட்டி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒருவர் சாவி கொடுக்கும் வாட்ச்சைக் கட்டுகிறார் என்றால் அவர் வேறு ஏதோ ஒன்றுக்காகக் கட்டுகிறார். எந்திரப் பிரியருக்கும் இது நன்றாகவே தெரியும், கேட்டுப் பாருங்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கைச்சாவி வாட்ச்சை ஒழுங்காகப் பிரித்துச் சர்வீஸ் செய்யும் மெக்கானிக் நம் பக்கம் யார்?" நால்வரில் அதற்குச் சரியான பதில் அவரிடம்தான் இருக்கும்.

நான்காமவர் விஷயத்தில் நான் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. வாட்ச்சை முதலீடாகப் பார்ப்பவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கையில் மிஞ்சும் பணம் உள்ளவர், பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க முடிந்தவர், சில மாடல்களில் லாபம் பார்த்திருக்கிறார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த யோசனை ஆபத்து. கொரோனா காலத்தில் ரோலக்ஸ் மாதிரியான வாட்ச்களின் செகண்ட் ஹேண்ட் விலை எக்கச்சக்கமாக ஏறி, 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டது. அதே ஆண்டில் இறங்கவும் தொடங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் "ஏறிக்கொண்டேதான் போகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியவர்கள். ஏறுகிற மாடல்கள் கொஞ்சம்தான், கடையில் அவை எளிதில் கிடைப்பதும் இல்லை. மற்ற சுவிஸ் வாட்ச்கள் பெரும்பாலும் கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை குறைந்துவிடும்.

இந்த வகையினர் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் தம்பி. அந்த வாட்ச்சில் இருந்த டயல், ஒரு காலத்தில் கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடந்த ரகம். நியூமனுக்கு அதை வாங்கிக் கொடுத்தது அவர் மனைவி ஜோன் உட்வர்ட். கார் பந்தயத்தில் ஓட்டுகிற கணவருக்கு, கவனமாக ஓட்டும்படி பின்மூடியில் எழுத்துப் பொறித்துக் கொடுத்தார். நியூமன் அதைப் பல ஆண்டுகள் கட்டினார். பிறகு, தன் மகளோடு பழகிய ஒரு இளைஞர் கையில் வாட்ச் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கே கொடுத்துவிட்டார். அதை வாங்கியவர், கட்டியவர், பெற்றுக்கொண்டவர் மூவருமே விலை ஏறும் என்று கணக்குப் போட்டு அதைத் தொடவில்லை. நியூமனே கட்டிய வாட்ச், அதுவும் மனைவி கொடுத்தது என்ற கதைதான் அந்த விலையில் பெரும்பகுதி. இதே மாதிரி வாட்ச், யாரும் கட்டாமல் லாக்கரில் இருந்திருந்தால், அந்தத் தொகையில் சிறு பங்குக்குத்தான் போயிருக்கும்.

இவர்களைத் தவிர இன்னும் பல வகை உண்டு. ஒரே மாடலை எல்லா நிறத்திலும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி ஒரு மாதம் கட்டி, விற்று அடுத்ததை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெருமைக்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், நம் ஓசூரில் தயாரித்த வாட்ச்களை மட்டும் வரிசையாக வைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். பெரிய சேகரிப்பாளர்கள் பலர் 1989இல் வந்த சாதாரண கேசியோ எஃப் 91 டபிள்யூவையும் ஒதுக்குவதில்லை.

சரி, நீங்கள் எந்த வகை? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஆறு வாட்ச் வாங்கியதாகச் சொல்கிறீர்கள், ஒன்றின் பெயரைக்கூட எழுதவில்லை. ஜனதாவைப் பற்றி மட்டும் வருடம், யார் வாங்கிப் போட்டது, கறையின் நிறம் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தின் நினைவைக் கையில் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்கு எண்ணிக்கை தேவைப்படாது. மற்ற ஆறும் அடுத்தவர்களின் ரசனைக்கு நீங்கள் கட்டிய பணம்.

முதலில் மனைவியிடம் மீதி மூன்றையும் சொல்லிவிடுங்கள், இந்த வாரத்துக்குள். வாட்ச்சுக்காக வீட்டில் ஒளிவு வைப்பது, எந்த வகைச் சேகரிப்பாளராக இருந்தாலும் சந்தோஷத்தைக் கெடுத்துவிடும். அப்புறம் ஆறையும் மேசையில் வைத்து, நண்பர்களைச் சந்திக்கப் போகாத சாதாரண நாளில் எதைக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அந்த வட்டத்திலேயே விற்றுவிடுங்கள். வாங்கிய விலை கிடைக்காது, வருவது வரட்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஜனதாவுக்கு ஒதுக்குங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் டயல், பின்மூடி, பக்கவாட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மெஷினை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து ஆயில் போட வேண்டும், சாவி கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றலாம், கண்ணாடி வெடித்திருந்தால் மாற்றலாம். டயலையும் முள்ளையும் தொடக் கூடாது, கறையைத் துடைத்துப் பார்க்கவும் வேண்டாம், துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். கேஸுக்குப் பாலிஷ் போடக் கூடாது, ஓரங்கள் மழுங்கிவிடும். மாற்றுகிற பாகம் எதுவானாலும் பழையதைப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்ட்ராப்பை உங்கள் விருப்பத்துக்கு மாற்றுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

வாட்ச் திரும்பி வந்ததும் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகும்போது நிறுத்திவிடுங்கள். நாளைக்கு அரை நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் கவலைப்படாதீர்கள், இந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சர்வீஸ் கொடுங்கள், ஆயில் காய்ந்த பிறகும் ஓடவிட்டால் பாகங்கள் தேய்ந்துவிடும். தண்ணீரை மட்டும் கிட்டே விடாதீர்கள். மழையில் வண்டி ஓட்டப் போகிற நாளில் ஜனதாவை வீட்டில் வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.