பெண், பக்தி, கட்சி

கேள்வி: பெண்களுக்கு மத ஈடுபாடு அதிகம் என்பதால் அவர்கள் மதம் சார்ந்த, பழமை போற்றும் கட்சிகளையே விடாமல் ஆதரிப்பார்கள் என்று நண்பர் வாதிடுகிறார். இது சரிதானா?

பதில்: பாதி சரி. 1931-இல் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் பெண்களின் வாக்குரிமை விவாதிக்கப்பட்டபோது, விக்டோரியா கென்ட் என்ற பெண் உறுப்பினரே அதைத் தள்ளிவைக்கச் சொன்னார். பெண்கள் பாதிரியார் சொல்லுக்கு இணங்க வாக்களித்துவிடுவார்கள் என்ற அச்சம் அன்று முற்போக்காளர் பலருக்கு இருந்தது. மற்றொரு பெண் உறுப்பினரான கிளாரா காம்போஅமோர் எதிர்த்து வாதாடி உரிமையைப் பெற்றுத் தந்தார். 1933-இல் வலதுசாரிகள் வென்றதும் பழி பெண்கள்மீது விழுந்தது. இடதுசாரிகள் பிரிந்து நின்றதும், அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்ற அராஜகவாதிகள் தேர்தலைப் புறக்கணித்ததும் வசதியாக மறக்கப்பட்டன.

அந்த அச்சம் முற்றிலும் கற்பனையும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கிறித்தவ ஜனநாயகக் கட்சிகளுக்குப் பெண்களின் ஆதரவு ஆண்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால், ஒரே அளவு தேவாலய ஈடுபாடு கொண்ட ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. அதாவது, வாக்கை இழுத்ததில் பெரும்பங்கு பாலினத்துக்கு அல்ல, தேவாலயத்துக்கும் அதைச் சுற்றி இயங்கிய மாதர் சங்கங்கள், பள்ளிகள், தொழிலாளர் அமைப்புகள் ஆகியவற்றுக்குமே உரியது. மேற்கு ஜெர்மனியில் கிறித்தவ ஜனநாயகக் கட்சிகளுக்கான ஆதரவில் 1969-இல் சுமார் 10 சதவீதப் புள்ளிகளாக இருந்த ஆண்-பெண் இடைவெளி 1972-இல் சுமார் 3 ஆகக் குறைந்தது. மூன்றே ஆண்டுகளில் பெண்ணின் இயல்பு மாறிவிட்டது என்று உங்கள் நண்பர்கூடச் சொல்லமாட்டார்.

அவர் வாதம் அடியோடு இடறுவது அமெரிக்காவில்தான். அங்கும் பெண்களே ஆண்களைவிட அதிகம் பிரார்த்திக்கிறார்கள். ஆயினும் 1980 முதல் அதிபர் தேர்தல்களில் முற்போக்குச் சார்புள்ள ஜனநாயகக் கட்சிக்கு ஆண்களைவிட அதிக ஆதரவு தருவதும் அவர்களே. சமூகநலத் திட்டங்கள், வேலை, ஊதியம் ஆகியவை குறித்த கருத்துகள் ஒரு பக்கமும் மத ஈடுபாடு மறுபக்கமும் இழுக்கும்போது, முடிவு அவரவர் சார்ந்த திருச்சபையைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. பைபிளையும் மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் பிரிவான எவாஞ்சலிக்கரில், வெள்ளையினப் பெண்களின் மிகப் பெரும்பான்மையோர் பழமைவாதக் குடியரசுக் கட்சியின் பக்கம் நிற்கிறார்கள். பக்தியில் அவர்களுக்குச் சற்றும் குறையாத கறுப்பின புராட்டஸ்டன்ட் பெண்களோ ஜனநாயகக் கட்சியின் மிக உறுதியான ஆதரவாளர்கள்.

கேள்வி: பக்திதான் கட்சியைத் தீர்மானிக்கிறதா, கட்சி பக்தியைத் தீர்மானிப்பதில்லையா?

பதில்: இரண்டும் நடக்கிறது. மதம் ஒரு கட்சியின் அடையாளமாகவே மாறிவிட்டபோது, அந்தக் கட்சியைப் பிடிக்காத அமெரிக்கர் பலர், குறிப்பாக மிதவாதிகளும் இடதுசார்புள்ளோரும், தமக்கு மதமில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள் என்பதை 1990-களுக்குப் பிந்தைய கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆகவே, வழிபாட்டுக்குச் செல்பவர் ஒரு கட்சியை ஆதரிப்பதைப் பார்த்தவுடன், எது முன், எது பின் என்று தீர்ப்பு வழங்கிவிட முடியாது. அவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தால்தான் ஓரளவாவது பிடிபடும்.