ஸ்மார்ட் சிட்டியால் கடைக்கு என்ன லாபம்? – கேள்வி பதில்

கடைக்காரர்களும் சிறுதொழில் நடத்துபவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் நகரத் திட்டமிடலில் வேலை பார்ப்பவள். பதில்களும் அந்தக் கோணத்தில்தான் இருக்கும்.

மேடம், ஸ்மார்ட் சிட்டி என்று பத்து வருஷமாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஒன்றுமே மாறவில்லையே? (பட்டறை உரிமையாளர், மதுரை திருநகர்)

மத்திய அரசின் இந்த நகர மேம்பாட்டுத் திட்டத்தை வகுத்ததே அப்படித்தான். 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. பணத்தை ஊர் முழுக்கப் பரப்பாமல் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பெரும்பங்கை அங்கே கொட்டினார்கள். பழைய பகுதியைச் சீரமைப்பதென்றால் 500 ஏக்கருக்கு மேல் எடுக்க வேண்டும் என்பது விதி. மதுரை மாநகராட்சியோ 36,000 ஏக்கருக்கும் அதிகம். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிய பகுதிக்குத்தான் முதலிடம்.

தெருவை நடப்பவர்களுக்கு ஒதுக்கினால் வியாபாரம் படுத்துவிடாதா? (துணிக்கடை, சேலம்)

வாடிக்கையாளர் எதில் வருகிறார் என்பதைப் பொறுத்தது. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது, கார் நிறுத்த இடம் போகிறதே என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். ஆனால் தி.நகருக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் ரயிலிலும் பஸ்ஸிலும். 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நடைமேம்பாலம் போட்டதும் அதனால்தான். நடந்து வருபவர் நாலு கடை ஏறி இறங்குவார். அதே ஊழியர்கள், அதே நேரம், பில் மட்டும் கூடுகிறது. உற்பத்தித்திறன் உயர்வது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. பாண்டி பஜார் நடைபாதையைத் திறந்தது 2019 நவம்பரில். நாலு மாதத்தில் ஊரடங்கு. அதனால் 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றிவிட்டாரே? (செருப்புக்கடை, தஞ்சாவூர்)

உண்மையில் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அரசு பணத்தில் தெரு மேம்படுகிறது, இடத்தின் மதிப்பு ஏறுகிறது, அந்த லாபம் இடம் வைத்திருப்பவர் கைக்குப் போகிறது. வாடகைக்கு இருப்பவர் ஓடியாடி விற்று அதைக் கட்டுகிறார். உங்கள் தெருவில் வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்தால், தோண்டும் முன்பே ஐந்தாண்டு ஒப்பந்தம் பேசுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தூசியும் பள்ளமுமாக இருக்கும் சமயத்தில் உரிமையாளரும் கொஞ்சம் இறங்கி வருவார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம்.

கேமரா, கட்டுப்பாட்டு அறை என்று செலவழித்தார்களே, அதனால் பனியன் கம்பெனிக்கு என்ன பயன்? (திருப்பூர்)

நேரடியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. சாயப்பட்டறைகள் ஒரு காலத்தில் லாரித் தண்ணீரை நம்பி ஓடின. ஸ்மார்ட் சிட்டி என்ற பேச்சே வராத காலத்தில், தனியார் பங்களிப்போடு பவானி ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஆனால் வரும் தண்ணீரைப் பார்த்த அளவுக்குப் போகும் கழிவுநீரைப் பார்க்கவில்லை. நொய்யல் கெட்டது, 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றால் தையலும் நிற்கும், பேக்கிங்கும் நிற்கும். அதனால் கவுன்சிலரிடம் கேட்பதாக இருந்தால் வடிகால், ஷிஃப்ட் நேரத்துக்கு டவுன் பஸ், இந்த இரண்டையும் கேளுங்கள். கேமரா அப்புறம்.

என் கடைக்குப் பயன் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மளிகை மொத்த வியாபாரம், ஈரோடு)

மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் விலைவாசி ஏமாற்றிவிடும். ஒரு நாளில் போட்ட பில்களை, அன்று வேலை பார்த்தவர்களின் மொத்த மணி நேரத்தால் வகுங்கள். லாரி தெருமுனைக்கு வந்ததிலிருந்து சரக்கு இறங்கி முடியும்வரை ஆகும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தெரு வேலை தொடங்கும் முன் ஒரு மாதம், முடிந்தபின் அதே மாதம். தீபாவளி மாதத்தை ஆடியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.