மொட்டைக் கடுதாசி ஒன்றுக்காக டீச்சர் வேலை போகுமா?

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 9 வருடமாக இடைநிலை ஆசிரியை. கணவரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது, விவாகரத்து வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. இப்போது ஒரு நண்பருடன் ஒரே வீட்டில் இருக்கிறேன், அவர் திருமணம் ஆகாதவர். யாரோ பெயர் போடாமல் வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதமும், நாங்கள் இருவரும் பைக்கில் போகும் படமும் அனுப்பியிருக்கிறார்கள். “ஆசிரியர் பணிக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் நடந்துகொண்டது குறித்து 7 நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்” என்று மெமோ வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை மாற்றச் சொல்லிப் பேசினார்களாம். 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, போடுவார்களா? விளக்கத்தில் என்ன எழுதுவது?

பதில்: வணக்கம் டீச்சர். வேலை போகாது. ஆனால் நீங்கள் எழுதப்போகும் விளக்கம் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடலாம், அதனால் முதலில் அதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி மெமோ வந்தால் நம்மவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாலு பக்கம் எழுதுவார்கள். கணவர் எப்படி அடித்தார், மாமியார் என்ன பேசினார், நண்பர் எவ்வளவு நல்லவர், எல்லாம் அதில் வரும். என்னிடம் வந்த ஒரு ஆசிரியை இதே போன்ற மெமோவுக்கு “அவர் என் பெரியம்மா மகன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் என்னைத் தேடி வந்தார். அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை என்பது பத்தே நாளில் தெரிந்துவிட்டது. அவரோடு வசிப்பது குற்றச்சாட்டில் நிற்காமல் போனது, மேலதிகாரியிடம் பொய் சொன்னார் என்பது கெட்டியாக நின்றது! ஆகவே பொய் வேண்டாம், வாழ்க்கை வரலாறும் வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் விவாகரத்து இந்து திருமணச் சட்டப்படி நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். திருமணத்துக்கு வெளியே உறவு என்பது 2018 செப்டம்பருக்குப் பிறகு குற்றம் இல்லை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் ஒரு காரணம்தான், ஜீவனாம்சக் கேள்வியிலும் குறுக்கே வரும். மெமோவுக்கு நீங்கள் கைப்பட எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் நாளைக்குக் கணவரின் வக்கீல் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சுலபமாகக் கொடுக்க மாட்டார்கள், ஊழியரின் மெமோ, விளக்கம் எல்லாம் தனிப்பட்ட தகவல் என்று கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் குடும்ப நீதிமன்றமே அந்தக் கோப்பை வரவழைக்கலாம் இல்லையா?

சரி, இப்போது 17(பி). உங்களிடம் இருப்பது வெறும் விளக்கம் கேட்கும் குறிப்பாணை. 17(பி) என்றால் குற்றச்சாட்டு இன்னது என்று தனித்தனியாக எழுதி, சாட்சிப் பட்டியல், ஆவணப் பட்டியல் கொடுத்து, விசாரணை அதிகாரி போட்டு, சாட்சியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தர வேண்டும். பெயரில்லாத கடிதத்தை எழுதியவரை எந்தக் கூண்டில் ஏற்றுவார்கள்? அதிகாரிகளுக்கும் இது தெரியும், அதனால்தான் பல இடங்களில் 17(ஏ)யில் ஒரு கண்டனமோ, ஒரு ஊதிய உயர்வு நிறுத்தமோ போட்டு முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். “சின்ன தண்டனைதானே, வாங்கிக்கோ டீச்சர்” என்று தலைமை ஆசிரியர் கூடச் சொல்லுவார். வாங்காதீர்கள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அந்தச் சின்ன தண்டனை பெரிதாகிவிடும்.

அடுத்து, எந்த விதியில் உங்களைக் கொண்டு வருவார்கள்? தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973ல் விதி 20, அரசு ஊழியருக்குத் தகாத எதையும் செய்யக் கூடாது என்கிறது. “தகாத” என்பது ரப்பர் மாதிரி, இழுத்த இழுப்புக்கு வரும். ஆனால் ஏ.எல். கால்ரா வழக்கில் 1984ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. தண்டனை கொடுக்கிற அளவுக்கு ஒன்றை ஒழுங்கீனம் என்று சொல்வதானால் அது எது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், பொதுவாக ஒருவர் எப்படி நடந்தால் நல்லது என்கிற எதிர்பார்ப்பெல்லாம் குற்றச்சாட்டு ஆகாது என்றது.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல, ஊருக்கு ஒழுக்கம் என்று படுவதும் சட்டத்தில் குற்றம் என்பதும் ஒன்றல்ல என்று நடிகை குஷ்பு வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நம் தமிழ்நாட்டில் போட்ட வழக்குகளில் இருந்தே போனது. 2017ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். இதற்கெல்லாம் முன்பே அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி பேராசிரியராக இருந்த ஸ்ரீநிவாஸ் ராமச்சந்திர சிராஸ் விஷயம். அவர் இன்னொரு ஆணுடன் இருந்தபோது வீட்டுக்குள் புகுந்து படம் எடுத்தார்கள், அதை வைத்து அவரை சஸ்பெண்ட் செய்தார்கள், 2010 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த உத்தரவு வந்து சில நாட்களிலேயே அவர் இறந்துவிட்டார். உத்தரவை கையில் வைத்துக்கொண்டு மனிதர் இல்லாமல் போனது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதற்காக ஆசிரியர் என்ன செய்தாலும் அது அவர் சொந்த விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். மாணவியிடம் தவறாக நடந்த ஆசிரியரை முழு விசாரணை இல்லாமலே வேலையை விட்டு அனுப்பியதை அவினாஷ் நாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சரி என்றது, அது சரிதான். அங்கே பாதிக்கப்பட்டது வகுப்பறை. உங்கள் விஷயத்தில் நான் கேட்கும் கேள்வியும் அதுதான், வீட்டில் நடப்பது வகுப்புக்குள் எங்கே வந்தது? கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது: நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது, குழந்தையின் கற்றலை மதிப்பிடுவது, பெற்றோரைச் சந்திப்பது என்று. யாருடன் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்பது அதில் இல்லை. நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதும் உண்மை, ஆசிரியர் என்றாலே கொஞ்சம் அதிகம் எதிர்பார்க்கிற தீர்ப்புகளும் இருக்கின்றன, ராணுவத்துக்கு 497 ரத்து பொருந்தாது என்று 2023ல் தனியாகவே சொன்னார்கள். ஆனால் நீங்கள் ராணுவத்தில் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு உங்களைத் தண்டிக்க முடியாது, அவர்களுக்கு அந்த அதிகாரமே இல்லை. மாறுதல்தான் நிஜமான ஆபத்து, ஏனென்றால் “நிர்வாக நலன் கருதி” என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம். அப்படி வந்தால் சோமேஷ் திவாரி வழக்கை நினைவில் வையுங்கள். அங்கேயும் மொட்டைக் கடுதாசிதான், அதை வைத்து மாற்றினார்கள், தண்டனைக்குப் பதிலாகப் போடுகிற மாறுதல் ஆணை செல்லாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெமோவும் மாறுதல் ஆணையும் அடுத்தடுத்து வந்தால் அந்தத் தேதிகளே உங்களுக்கு சாட்சி, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். விவாகரத்துத் தீர்ப்பு வராமல் கோயிலில் மாலை மாற்றிக்கொள்வது, அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது, எதுவும் வேண்டாம். கணவர் உயிரோடு, திருமணம் ரத்தாகாமல் இருக்கும்போது இன்னொரு திருமணம் என்றால் அது நடத்தை விதிகளிலேயே தனியாகத் தடை செய்த விஷயம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறையும் உண்டு. தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது, அதுவும் கழியட்டும்.

விளக்கம் பத்து வரிக்கு மேல் வேண்டாம். குறிப்பாணை தேதி, எண் எழுதுங்கள். புகாரின் நகலும் படத்தின் நகலும் கேளுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த விதியை மீறினேன் என்று குறிப்பாணையில் இல்லை என்று சொல்லுங்கள். என் பணி குறித்து எந்தக் குறையும் சொல்லப்படவில்லை, களங்கம் விளைவித்தேன் என்பதை மறுக்கிறேன், நகல் கிடைத்ததும் தேவைப்பட்டால் மேலும் விளக்கம் தரும் உரிமையைத் தக்க வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். நண்பரின் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “ஐயா இல்லை, வெச்சிட்டுப் போங்க” என்றால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பிவிடுங்கள். ஏழாவது நாள் வரை காத்திருக்காதீர்கள். அப்புறம், மனசு சரியில்லை என்று மெடிக்கல் லீவ் மட்டும் போட்டுவிடாதீர்கள், நாளைக்குக் காலை மணி அடிப்பதற்கு முன் பள்ளியில் இருங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.