ஜெயிலுக்குக் கடிதம் போடுவது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

கோபிசெட்டிபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாக 22 வருஷம் ஓட்டினவன் நான். நடுவில் ஒரு வருஷம் என் தம்பியே உள்ளே இருந்தான், அப்போது தபாலாபீசுக்கு நடந்த நடைக்கு அளவே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தபால் போடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன, சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்காரரை கோவை சென்ட்ரல்ல வெச்சிருக்காங்கண்ணா. கவர்ல பேரு மட்டும் போட்டா போய்ச் சேருமுங்களா? (அவிநாசி)

சேராது அம்மிணி. நம்ம பக்கம் பழனிசாமிக்கும் சுப்பிரமணிக்கும் பஞ்சமா என்ன, உள்ளே அதே பேரில் நாலு பேர் இருப்பாங்க. பேர், அப்பா பேர், கைதி எண், விசாரணைக் கைதியா தண்டனைக் கைதியா என்பது, அதற்குக் கீழே மத்திய சிறை, கோவை, பின்கோடு. எண் தெரியாவிட்டால் மனு பார்க்கப் போகும்போது (ஜெயிலில் நேரில் சந்திப்பதை அப்படித்தான் சொல்லுவாங்க) கேட்டு எழுதிக்குங்க, வக்கீலிடமும் இருக்கும். உங்க முகவரியும் முழுசாக இருக்கட்டும். என் தம்பிக்குப் போட்ட முதல் கவரில் அப்பா பேரை விட்டுவிட்டேன், இருபது நாள் கழித்து நீல மையில் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திரும்பி வந்தது. எங்கம்மா அதைப் பிரிக்கக்கூட விடாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாங்க.

நாம எழுதறதைப் பிரிச்சுப் படிப்பாங்களா? (பொள்ளாச்சி)

படிப்பாங்க. போகிறதும் வருகிறதும் தணிக்கை ஆன பிறகுதான். அதனால் கேஸைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்: அன்னைக்கு ராத்திரி யார் எங்கே இருந்தாங்க, சாட்சி என்ன சொன்னான், இதெல்லாம் வக்கீலிடம் பேச வேண்டியது. சங்கேத வார்த்தை, புரியாத குறி, உள்ளே இருக்கும் மற்றவனைப் பற்றிய தகவல் எதுவும் கூடாது, சும்மா விளையாட்டுக்கு எழுதினதுகூடச் சந்தேகமானால் நிறுத்தி வைப்பாங்க. யாருக்கும் தெரியாமல் சீட்டுக் கொடுத்துவிடுவது அதைவிட மோசம். 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்தில் 42-ஆம் பிரிவைப் பாருங்க, விதியை மீறிச் சேதி அனுப்பினால் அனுப்பினவருக்கே ஆறு மாசம் வரை உள்ளே.

இன்லேண்ட் லெட்டராக இருந்தால் ஒட்டுகிற ஓரம் வரை எழுதாதீங்க. பிரிக்கிறவங்க கத்தரியா தேடப் போறாங்க, அப்படியே கிழிப்பாங்க, கடைசி வரி அதோடு போகும்.

கவருக்குள்ள ஐந்நூறு ரூபா வெச்சு அனுப்பலாமுங்களா? (சத்தியமங்கலம்)

வேண்டவே வேண்டாம். உள்ளே கையில் நோட்டு வைத்திருப்பதே தப்பு. மணி ஆர்டர் போடுங்க, அவர் கணக்கில் ஏறும், கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் கமிஷன், அது கொஞ்சம் எரிச்சல்தான். கைதி எண்ணை அதிலும் எழுதணும்.

முறுக்கு, ஊறுகாய் பார்சல்? அப்புறம், பாப்பா வரைஞ்ச படம்? (தாராபுரம்)

தின்பண்டம் தபாலில் போகாது. மாத்திரை என்றால் ஜெயில் டாக்டர் வழியாகத்தான், சீட்டை வக்கீலிடம் கொடுங்க. பாப்பா படத்தை மெல்லிசுத் தாளில் வரையச் சொல்லுங்க, ஜிகினா, ஸ்டிக்கர், பசை எதுவும் இல்லாமல். ஒட்டின இடத்தில் என்ன ஒளிந்திருக்கோ என்றுதான் பார்ப்பாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது.

எங்க பனியன் கம்பெனிப் பையன் ஒருத்தன் உள்ளே இருக்கான். அவங்கம்மா ஒடியாவுல எழுதி அனுப்பினது ஒரு மாசமாச் சேரலை. (திருப்பூர்)

படிக்கத் தெரிந்தவர் கிடைத்து மொழிபெயர்த்த பிறகுதான் கொடுப்பாங்க, அதுதான் தாமதம். அந்தம்மா போனில் சொல்லச் சொல்ல நீங்களே தமிழில் எழுதி அனுப்புங்க. இந்நேரத்துக்கு அவன் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வான், பக்கத்தில் யாராவது வாசித்துக் காட்டுவாங்க.

நாலு கடுதாசி போட்டும் பதிலே இல்லீங்க. கோவமா இருப்பாரோ? (பவானி)

அவசரப்படாதீங்க. கிளைச் சிறையிலிருந்து கோவைக்கோ சேலத்துக்கோ மாற்றியிருக்கலாம், கடிதம் பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். விசாரணைக் கைதி என்றால் ரிமாண்டை (காவலை) 15 நாளுக்கு ஒருதடவை கோர்ட்டில் நீட்டிக்கணும், அடுத்த வாய்தாவில் வக்கீலிடம் எங்கே வைத்திருக்காங்க என்று கேளுங்க.

உள்ளே கொடுமை நடந்தா அவர் யாருக்கு எழுதறது? சூப்பிரண்டு வழியாத்தானே போகணும்? (ஈரோடு)

நீதிபதிக்கே எழுதலாம். திகார் சிறையில் பக்கத்துக் கைதியை வார்டன் சித்திரவதை செய்ததை சுனில் பத்ரா என்ற கைதி சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்குக் கடிதமாக எழுத, அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்தாங்க. 1979 டிசம்பரில் தீர்ப்பு. எழுத முடியாத நிலை என்றால் நீங்க வெளியிலிருந்து எழுதுங்க, தேதியும் நேரமும் இருக்கட்டும், வசவு வேண்டாம்.

எழுத உக்காந்தா அழுகைதான் வருது. என்னத்த எழுதறதுங்க? (காங்கேயம்)

அழுகையை ஒரு வரிக்குமேல் எழுதாதீங்க கண்ணு, அவர் அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க என்ன செய்வார்? கிணற்றில் தண்ணி எத்தனை அடி, மாடு கன்னு போட்டதா, தேர் நோம்பிக்கு ஒரம்பரை (சொந்தக்காரங்க) யார் யார் வந்தாங்க, இதை எழுதுங்க. நான் ஒருதடவை தென்னைக்கு உரம் வைத்த கணக்கை மட்டும் எழுதி அனுப்பினேன், அடுத்த மனுவில் தம்பி "ஏண்டா மேக்கால வரப்பு ஓரம் இருக்கற ரெண்டு மரத்தை விட்டுட்டீங்க?" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சண்டைக்கு வந்தான். ஒவ்வொரு கடிதத்திலும் மேலே தேதியும் ஒன்று, இரண்டு என்று நம்பரும் போடுங்க. முன்னே போட்டது பின்னே போய்ச் சேரும், இடையில் ஒன்று காணாமல் போனாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.