மூச்சு வாங்கும் முகத்தைப் படமெடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. சில வருடங்களாக சைக்கிள்தான் உயிர். ஞாயிறு விடிகாலையில் நண்பர்களோடு நந்தி மலைக்குக் கிளம்பிவிடுவார். வரும் ஏப்ரலில் பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் என்ற சைக்கிள் பந்தயத்துக்கு முதல் நாள் பொதுமக்களுக்காக நடக்கும் சவாரியில் கலந்துகொள்கிறார். நானும் போகிறேன். கோப்பன்பெர்க் என்ற கல் பாவிய ஏற்றத்தின் உச்சியில் அவரை ஒரு படம் எடுத்துத் தர வேண்டுமாம். ஒத்திகையாக நந்தியில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்; இல்லையென்றால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு, “பேயறைஞ்ச மாதிரி எடுத்திருக்கே” என்று முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏற்றமும் ஏற்றமாகவே தெரியவில்லை. என்னிடம் மிரர்லெஸ் கேமராவும் 24-105 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. புது லென்ஸ் வாங்கணுமா?
- பெயர் வேண்டாம், ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: அவர் கோபப்பட்ட அந்தப் படத்தை அழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் பத்திரமாக வையுங்கள். இரண்டில் அதுதான் படம். கட்டைவிரல் படத்தை லால்பாக் வாசலில்கூட எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கே நிற்பது என்று பார்ப்போம். எல்லோரும் செங்குத்தான இடத்துக்கே ஓடுவார்கள். அங்கே சைக்கிள்காரர் தலையைக் குனிந்து முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருவார்; உங்களுக்குக் கிடைப்பது ஹெல்மெட்டின் உச்சி. தவிர கோப்பன்பெர்க் ஒடுக்கமான பாதை. முன்னால் ஒருவர் காலை ஊன்றினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 1987-ல் டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி அங்கே விழுந்தபோது, போட்டி நிர்வாகியின் கார் அவருடைய சைக்கிள் மீதே ஏறிப்போனது. அதன்பின் 2002 வரை அந்த ஏற்றத்தையே பந்தயத்தில் சேர்க்கவில்லை. அதனால் கேமராவோடு பாதைக்குள் கால் வைக்காதீர்கள். ஏற்றம் முடிந்து, ஓட்டி வந்தவர்கள் ஓரங்கட்டுகிற இடத்தில் நில்லுங்கள்.

அவர் நின்றதும் என்ன நடக்கும் என்று நந்தியிலேயே பார்த்திருப்பீர்கள். முதலில் ஹேண்டில்பாரில் கவிழ்ந்துவிடுவார், முகமே தெரியாது. கொஞ்ச நேரம் முதுகு மட்டும் ஏறி இறங்கும். பிறகு தலை நிமிரும். கண் எதையோ தேடும், ஆனால் எதிலும் நிலைக்காது. அந்தச் சில நொடிகள்தான் உங்களுக்கு வேண்டியவை. உங்களைப் பார்த்துவிட்டாரோ, கட்டைவிரல் தானாக எழும்பிவிடும். ஆகவே எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தண்ணீர் பாட்டிலை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள். அது உங்கள் கையில் இருந்தால் அவர் கண் நேராக உங்களிடம்தான் வரும்.

“அப்படியே நில்லுங்க, இன்னொண்ணு எடுத்துக்கிறேன்” என்று மட்டும் சொல்லவே கூடாது. முழுமூச்சாக மிதித்து வந்தவர் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தங்கி, தலை கிறுகிறுக்கும். மெதுவாக நடக்கவோ மிதிக்கவோ விடுங்கள், நீங்கள் கூடவே நடந்து எடுங்கள். தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பதில் வராவிட்டாலோ, நெஞ்சைப் பிடித்தாலோ கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஆளைக் கவனியுங்கள்.

நந்தியின் களைப்பும் கோப்பன்பெர்க் களைப்பும் ஒன்றல்ல. நந்தியில் தார் ரோட்டில் பல கிலோமீட்டர் நிதானமாக ஏறி வருகிறார். அது ஊறிப்போன அசதி. ஹெல்மெட் வாரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், முகம் வாடிக் கிடக்கும். கோப்பன்பெர்க் வெறும் 600 மீட்டர்தான். ஆனால் சராசரி சரிவு 11.6 சதவீதம், அதிகபட்சம் 22. கற்களில் சைக்கிள் உதறுகிற உதறலில் கை மரத்துப்போகும். மேலே வந்ததும் ஹெல்மெட் கொக்கியைக் கழற்றப் பார்ப்பார்; விரல் நழுவும், மறுபடி தேடும், மறுபடி நழுவும். அந்தக் கையையும் தாடையையும் நெருக்கமாக ஒரு படம் எடுத்தால், முழு உருவப் படம் சொல்லாததை அது சொல்லிவிடும். முகத்தை எடுக்க வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தாலும் இதற்குத் தடை சொல்லமாட்டார்.

ஏற்றம் தட்டையாகத் தெரிவது உங்கள் தப்பு இல்லை. 22 சதவீதம் என்று கேட்டால் சுவர் மாதிரி தோன்றும். கோணக் கணக்கில் பார்த்தால் 12 டிகிரி சொச்சம்தான். பாதையை நேரே பார்த்து எடுத்தால் அந்தப் 12 டிகிரியும் காணாமல் போய்விடும். பக்கவாட்டில் நின்று, நேராக நிற்கிற மரத்தையோ கம்பத்தையோ சேர்த்து எடுங்கள். மரம் செங்குத்தாகவும் பாதை சரிந்தும் இருந்தால் கண்ணுக்குப் புரிந்துவிடும். கேமராவைச் சாய்த்து ஏமாற்ற வேண்டாம், மரமும் சேர்ந்து சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

லென்ஸை 70-லிருந்து 105-க்குள் வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். 24-ல் வைத்துக் கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது உள்ளே போய்விடும். அவர் சொன்ன பேயறைஞ்ச தோற்றத்தில் பாதி அந்த அகல லென்ஸின் கைங்கரியமாகக்கூட இருக்கலாம். மூச்சு வாங்குகிறவர் நிற்பதுபோல் தெரிந்தாலும் அசைந்துகொண்டேதான் இருப்பார். ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். ஓட்டி வரும்போது எடுப்பதானால் 1/1000. மேகமூட்டமாக இருந்தால் ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். ஹெல்மெட் நிழலில் முகம் கறுத்துவிடும் என்பதால் வெளிச்ச அளவை வானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிற வியாதி பலருக்கு உண்டு. சிவந்த காதும் முட்டி வரை அப்பிய சேறும் அதில் போய்விடும்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் கோபம். அவர் மனதில் இருப்பது ஜெயித்தவரின் படம், உங்கள் கேமராவில் இருப்பது மூச்சு வாங்குகிறவரின் படம். இதைப் போவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எடுத்த அன்றைக்கு ராத்திரியே காட்டாதீர்கள். உடம்பு வலியோடு பார்க்கிறவருக்கு எந்தப் படமும் பிடிக்காது. ஊருக்கு வந்தபின் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போடக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அழிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அடுத்த வருஷம் அவரே கேட்பார். பக்கத்தில் வாந்தியெடுக்கிற, அழுகிற அந்நியர்களை எடுக்காதீர்கள். அவர்கள் உங்களிடம் படம் கேட்கவில்லை.

ஒருவேளை பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாலும் எடுங்கள். எழுபதுகளில் பெல்ஜியத்தின் சைக்கிள் ஜாம்பவான் எடி மெர்க்ஸே அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். இதைக் கிளம்புவதற்கு முன் பேச்சுவாக்கில் அவர் காதில் போட்டுவையுங்கள்.

புது லென்ஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மழை உறையும் கூடுதலாக இரண்டு பேட்டரிகளும் வாங்குங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே நல்ல குளிர் இருக்கும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.