நனைந்த சட்டை, காய்ந்த சட்டை

அக்கா, வணக்கம்.

ஆறு வருடமாக ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் இடம். இப்போது ஐரோப்பாவில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து லைன் புரொடியூசர் (வேலை, நேரம், செலவு மூன்றையும் அன்றாடம் பார்த்துக்கொள்பவர்) வேலைக்கு 14 மாத ஒப்பந்தம் வந்திருக்கிறது. மூன்று நாடுகள் சேர்ந்து எடுக்கும் படம். வீட்டில் சொன்னால், “நீ தயாரிப்பாளரா? ஏதுடா அவ்வளவு பணம்?” என்று சிரிக்கிறார்கள். என் கவலை வேறு. நான் ஓவியம் படித்தவன். படம் வரைய வந்துவிட்டு எக்ஸெல் ஷீட் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுசாகப் போய்விட்டால் கலைப்பக்கம் திரும்பவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது. நாடு நாடாகப் போகும் இந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? நீங்கள் பதினைந்து வருடம் அதில் இருந்துவிட்டு எழுத வந்தவர் என்பதால் கேட்கிறேன். ஒப்பந்தம் 22 பக்கம், பாதி புரியவில்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

*

தம்பி,

வீட்டில் சிரிப்பதைத் தப்பு சொல்ல முடியாது. தயாரிப்பாளர் என்றதும் நமக்கெல்லாம், வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்துவிட்டு ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பைனான்சியர் வீட்டு வாசலில் நிற்கிற ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். முதலாளி என்றே கூப்பிடுவார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்யும் அனிமேஷனில் அந்த முதலாளி கிடையாது. முழுப் பணத்தையும் போட ஒருத்தரும் இல்லை என்பதால்தான் புரொடியூசர் என்ற ஆளே தேவைப்படுகிறார்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் இதற்குள்தான் கிடக்கிறது. ஐரோப்பாவில் ஒரு முழுநீள அனிமேஷன் படம் என்றால் பணம் பல கைகளிலிருந்து வரும். பிரான்ஸில் சிஎன்சி என்ற அரசு அமைப்பு 1946 முதல் இருக்கிறது, சினிமா டிக்கெட்டில் பிடிக்கிற வரியை மறுபடி சினிமாவுக்கே திருப்பிவிடும். அயர்லாந்தில் படச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. லக்ஸம்பர்க் மாதிரி சின்ன நாட்டுக்குக்கூட சொந்தமாக ஒரு ஃபிலிம் ஃபண்ட் உண்டு. அப்புறம், படம் முடிவதற்கு முன்பே உரிமையை வாங்கிக்கொள்ளும் டிவி சேனல், முன்பணம் தரும் விநியோகஸ்தர். எல்லோரும் கொடுப்பார்கள், ஆனால் அரசுப் பணம் முக்கால்வாசி ஒரே நிபந்தனையோடுதான் வரும்: இந்தப் பணத்தை எங்கள் நாட்டில் செலவு செய், எங்கள் ஆட்களுக்கு வேலை கொடு. நாடுகளுக்கிடையே கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அந்த விதிப்படி எடுத்தால் ஒரே படம் இரண்டு மூன்று நாடுகளிலும் உள்ளூர்ப் படமாகவே கணக்காகும், அந்தந்த நாட்டுச் சலுகையும் கிடைக்கும். அதனால் எந்த ஊர் ஓவியர் நன்றாக வரைகிறார் என்று யோசிப்பதற்கு முன்பே, எந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை வாரம் வரைய வேண்டும் என்பது முடிவாகிவிடும். எதில் முடிவாகிறது? நீங்கள் அலுத்துக்கொள்கிற அதே எக்ஸெல் ஷீட்டில்தான்.

2014இல் வந்த ‘சாங் ஆஃப் தி சீ’ பார்க்க ஒரே கையால் வாட்டர்கலரில் தீட்டியது போல இருக்கும். அயர்லாந்து, டென்மார்க், பெல்ஜியம், லக்ஸம்பர்க், பிரான்ஸ் என்று ஐந்து நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு அது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றும் சேர்ந்தது, செலவு சுமார் 35 லட்சம் யூரோ, செய்தது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில். பார்க்கிறவர்களுக்கு எந்தக் காட்சி எந்த நாட்டில் செய்தது என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு படத்தை நாடுகளுக்குப் பங்கு போட்டே ஆக வேண்டும் என்றால் எந்த இடத்தில் வெட்டினால் தையல் வெளியே தெரியாது, இதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மற்றதெல்லாம், விமானம், திரைப்பட விழா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, எல்லாம் கூட வருகிறவை. பிரான்ஸில் நடக்கும் ஆன்சி அனிமேஷன் விழாவுக்கு (1960இல் தொடங்கியது, கூடவே நடக்கும் சந்தை 1985 முதல்) நான் போனபோதெல்லாம் அந்த ஊர் ஏரியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அரை மணிக்கு ஒரு சந்திப்பு, நடுவில் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

வெட்டுவதில் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, கட்டம் கட்டமாக வெட்டுவது: பின்னணி ஓவியம் எல்லாம் ஒரு நாடு, பாத்திரங்களின் அனிமேஷன் இன்னொரு நாடு, எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கிச் சேர்க்கும் காம்ப்பாசிட்டிங் மூன்றாவது. இதில் பாணி கலையாது, ஆனால் முதல் நாடு இரண்டு வாரம் தாமதித்தால் மற்ற இரண்டு இடத்திலும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சம்பளம் ஓடும். இன்னொன்று, காட்சி காட்சியாக வெட்டுவது: முதல் இருபது நிமிடம் உனக்கு, அடுத்த இருபது அவனுக்கு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், ஆனால் ஒட்டுகிற இடத்தில் வம்பு வரும். முக்கால்வாசிப் படங்களில் இரண்டையும் கலந்துதான் செய்கிறார்கள்.

எனக்கு வந்த வம்பைச் சொல்கிறேன். மூன்று நாட்டுப் படம், கையால் வரையும் 2டி. ஒரு பையன் மழையில் ஓடிவந்து வீட்டுக்குள் நுழைகிறான். வெளியே மழை ஒரு ஸ்டுடியோவுக்கு, வீட்டின் உள்ளே இன்னொரு ஸ்டுடியோவுக்கு. அப்படிப் பிரித்ததற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லை, முதல் நாட்டின் செலவுப் பங்கு அந்த வாசற்படியோடு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் முடிந்து வந்து எடிட்டில் ஒட்டிப் பார்க்கிறோம். வாசல் வரை பையனுக்குக் கருநீலச் சட்டை, முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் சட்டை வெளிர்நீலம், முடி புசுபுசுவென்று. எடிட்டர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஓட்டி மறுபடி போட்டுக் காட்டினார். நனைந்த பையனை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் மாடல் தனி ஃபோல்டரில் இருந்திருக்கிறது, அந்த ஃபோல்டர் ஒரு ஸ்டுடியோவுக்கு மட்டும் போயிருக்கிறது. யார் யாருக்கு எது போக வேண்டும் என்ற பட்டியலைப் போட்டது நான்தான்.

சட்டை பெரிய விஷயமில்லை, நிறத்தை மாற்றினால் அரை நாளில் முடியும். முடிதான் வில்லங்கம். ஒட்டிய முடிக்கும் புசுபுசு முடிக்கும் வடிவமே வேறு, உள்ளே இருக்கிற 11 ஷாட்டையும் திரும்ப வரைய வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் விநாடிக்கு 12 படம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஸ்டுடியோ ஏற்கெனவே ஆட்களை அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டது. டைரக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது) போடும் பெண்தான் சொன்னாள்: உள்ளே வந்ததும் யாராவது அவன் தலையில் ஒரு துண்டைப் போட்டுத் துவட்டிவிட்டால்? ஒரே ஷாட், இரண்டு விநாடி. துண்டுக்குள்ளிருந்து தலை வெளியே வரும்போது முடி புசுபுசுவென்றுதானே இருக்கும்!

யோசனை அவளுடையது. வரையப்போகிறவர் வேறு யாரோ. நான் செய்தது என்ன? மூன்றாவது நாட்டில் அந்த வாரம் நான்கு நாள் வேலைநேரம் மிச்சம் கிடக்கிறது, அங்கே துணி மடிப்பை அழகாக வரையும் ஒருவர் இருக்கிறார், அந்த நாட்டின் பங்கில் இன்னும் கொஞ்சம் செலவு செய்யவும் இடமிருக்கிறது என்ற மூன்றும் என் தலையில் இருந்தன. “வியாழக்கிழமைக்குள் வரும்” என்று அந்த இடத்திலேயே சொல்ல முடிந்தது. டைரக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

இதைக் கலை என்று சொல்வீர்களா மாட்டீர்களா, உங்கள் இஷ்டம். எனக்கு இந்தக் கேள்வியே சில வருடங்களுக்குப் பிறகு அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஓவியம் படித்தவர் என்பதால் ஈர முடியைத் திரும்ப வரைய எத்தனை நாள் ஆகும் என்று யாரையும் கேட்காமலே உங்களுக்குத் தெரியும். தெரியாத புரொடியூசர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “சின்ன கரெக்‌ஷன்தானே” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் வேறு ஊரில் ஒரு ஹாலில் இருபது பேர் தலையில் கை வைப்பார்கள், நீங்கள் ஆறு வருடமாக அந்த ஹாலில்தான் இருக்கிறீர்கள். ஆனால் கையில் பென்சில் பிடித்து வரைகிற நேரம் இனி இருக்காது. இருக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நான் எழுத வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நீங்கள் இருக்கும் இடத்துக்கும் போகப்போகும் இடத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கவனியுங்கள். நீங்கள் செய்வது சர்வீஸ் வேலை. ஓரிடத்தில் எழுதி, ஸ்டோரிபோர்டு போட்டு, குரல் பதிவும் முடித்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே வரைந்து திருப்பி அனுப்ப வேண்டும். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ 1989 முதல் இப்படித்தான், மூளை லாஸ் ஏஞ்சல்ஸில், கை சியோலில். கூட்டுத் தயாரிப்பில் எல்லோரும் பங்காளிகள். பங்காளி என்றாலே தெரியுமே, எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து இருக்கும்.

பங்காளி சேராமலே நடந்த கதையும் உண்டு. ஜப்பானியப் புரொடியூசர் யூகோ சாகோ 1980களில் ராமாயணத்தை அனிமேஷனாக எடுக்க நினைத்து இந்தியாவோடு சேர்ந்து செய்யத்தான் முதலில் முயன்றார். வெளிநாட்டவர் ராமரைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பு வந்தது, அரசும் கூட்டுச் சேர முன்வரவில்லை. அவர் விடவில்லை. ஜப்பான் பணத்திலேயே ஜப்பானிலேயே செய்தார், இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன் இணை இயக்குநராக இருந்தார். வேட்டியை எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவது என்பது வரை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் காட்டினார்கள். தியேட்டரில் பரவலாக, தமிழ் உட்பட, வந்தது 2025 ஜனவரியில். சாகோ 2012இலேயே போய்விட்டார். ஒரு புரொடியூசரின் ஒரு படத்துக்கு இவ்வளவு நீளமான கணக்கு.

பயமுறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நிரந்தரம் கிடையாது. 14 மாதம் என்றால் 10ஆவது மாதத்திலிருந்தே அடுத்ததைத் தேட வேண்டும். விசா பெரும்பாலும் அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும், அதை முதலில் கேளுங்கள். பல நாடுகளில் கிளை உள்ள பெரிய நிறுவனம் என்று நம்பிவிடவும் முடியாது. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, அதே மாதம் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக அவர்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ், அனிமேஷன் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது லண்டனிலிருந்து பெங்களூரு வரை ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வாரத்தில் வேலை போனது. ஆகவே ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. மார்ச்சில் அமெரிக்காவில் கடிகாரத்தை முதலில் மாற்றுவார்கள், ஐரோப்பாவில் மாதக் கடைசி ஞாயிறு, கொரியாவும் ஜப்பானும் மாற்றுவதே இல்லை, அந்த இரண்டு மூன்று வாரமும் ஏதாவது ஒரு மீட்டிங்குக்கு யாராவது ஒரு மணி நேரம் முன்னால் வந்து தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஆகஸ்டில் பிரான்ஸில் ஆளே கிடைக்காது. எல்லா நாட்டு விடுமுறையையும் ஒரே காலண்டரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், முதல் நாள் வேலையே அதுதான்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். உங்கள் சம்பளப் பக்கத்தை நீங்களே படித்துவிடுவீர்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. ஸ்டுடியோக்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்று ஒன்று தனியாக இருக்கும், சேருவதற்கு முன்னாலேயே அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். அதில் ரீடேக் (திருத்தித் திரும்பச் செய்வது) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். செய்தவர் தப்பால் வரும் திருத்தம் செய்தவர் செலவு, டைரக்டர் மனசு மாறியதால் வரும் திருத்தம் தயாரிப்பின் செலவு, இது உலக வழக்கம். ஆனால் எது தப்பு, எது மனசு மாற்றம் என்று யார் சொல்வது? அது எழுதப்படாத படத்தில் லைன் புரொடியூசராகப் போனால் 14 மாதமும் பஞ்சாயத்துதான். ஒருமுறை “இன்னும் கொஞ்சம் சோகமாக” என்று ஒரு குறிப்பு போனது. முதலில் தலையைத் தொங்கவிட்டு வந்தது. அடுத்து கண்ணீரோடு வந்தது. மூன்றாவது தடவை பாத்திரம் மண்டியிட்டுவிட்டது! டைரக்டர் கேட்டதெல்லாம் இமை இரண்டு ஃபிரேம் தாமதமாக மூட வேண்டும் என்பதுதான், ஆனால் அதை அந்த வார்த்தையில் யாரும் எழுதவில்லை. மூன்று தடவைக்கும் யார் பணம் கொடுப்பது என்று இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

உங்களுக்கு அனுப்பிய 22 பக்கத்தில் வேலை எல்லை என்று ஒரு பகுதி இருக்கும். அதையும், ரீடேக் என்ற சொல் வருகிற பக்கங்களையும் மட்டும் போட்டோ எடுத்து எனக்கு மெயில் பண்ணுங்கள், பெயர்களையும் தொகையையும் மறைத்துவிட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா